ஓரத்தில் பென்சில்

ஐந்து பேருக்கு ஒரே புத்தகம்தான் வாங்கினார்கள்.
ஐம்பத்தைந்து ரிங்கிட், எல்லாரும் பென்ஷன்காரர்கள்.
தைப்பிங்கில் ஒரு மாதம், சுங்கைப்பட்டாணியில் ஒரு மாதம்,
கூச்சிங் போய்த் தபாலில் திரும்பியபோது
முதுகு பிரிந்து, அட்டையில் கோப்பி வளையம்.

எழுதியவர் அங்கே இருந்ததில்லை.
நல்ல மனுஷன், கேட்டுக் கேட்டு எழுதினார் என்கிறார்கள்.
கிழக்குக் கரையில் அந்த நான்கு நாள்
முந்நூறு பக்கம் ஆகியிருந்தது.

'அன்று மழை' என்று அச்சிட்ட வரிக்குப் பக்கத்தில்
சார்ஜன் ஜமாலுடின், பென்சிலில்: மழை இல்லை.
அதற்குக் கீழே லூர்துநாதன்: இருந்தது, என் பூட்ஸைக் கேள்.
லோரிக்கு மூன்று நிறம் சொன்னார்கள்.
சார்டின் டின்னா, கறி டின்னா என்று
இருபதாம் பக்கம் முழுக்கச் சண்டை.
என் வீட்டுக்காரர் வரைபடத்தையே திருப்பிப் போட்டார்:
ஆறு வலது பக்கம். இரண்டு அடிக்கோடு.

அத்தனை வருஷம் வீட்டில் அந்தப் பேச்சை எடுக்காதவர்
ஓர் ஆற்றுக்காக
விடிகாலை இரண்டு மணிவரை உட்கார்ந்திருந்தார்.
சொல்லப்போனால் எனக்குச் சந்தோஷம்தான்.

அடுத்தது தவமலருக்கு என்றபோது மட்டும்
வாட்ஸ்அப்பில் யாரும் பதில் போடவில்லை.
"நீ கொண்டுபோய்க் கொடு" என்றார் இவர்.
முட்டி வலியாம்.
வலிதான், பொய்யில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஃபெர்ரி ஏறினேன்.
மடியில் பிளாஸ்டிக் பை, பைக்குள் புத்தகம்,
எதிரே ஒரு குழந்தை என் பையையே பார்த்துக்கொண்டிருந்தது.

பட்டர்வொர்த்தில் அடுக்குமாடி, நான்காம் மாடி, லிஃப்ட் பழுது.
இரவு ஷிஃப்ட் முடித்த கண்ணோடு கதவைத் திறந்தாள்.
"என்கிட்டயே ஒண்ணு இருக்குக்கா, வெளியீட்டன்னிக்கே வாங்கிட்டேன்.
நூத்து நாப்பத்துமூணுவரைக்கும் படிச்சேன்."

பையிலிருந்ததை வாங்கி அந்தப் பக்கத்துக்கே போனாள்.
'லான்ஸ் கோப்ரல் குணசீலன் அக்கணமே உயிர்நீத்தார்.'
மலாயில் அது இன்னும் சுருக்கம்.
அதற்கு மேலே, தோட்டாக் கணக்குத் தப்பு: இரண்டு கையெழுத்து.
கீழே, ஹெலிகாப்டர் வந்த நேரம் தப்பு: மூன்று கையெழுத்து.
அந்த வரிக்கு நேரே
வெள்ளை.

மழைக்குத் தகராறு செய்த ஐந்து பேர்.

அவள் புத்தகத்தைச் சன்னல் பக்கம் தூக்கினாள்.
ரப்பர் போட்ட இடத்தில் தாளுக்கு ரோமம் எழும்பும்.
விரல் நுனியால் அதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.
எனக்கும் தெரிந்தது.
மற்றக் குறிப்பெல்லாம் மலாயில்,
அழிந்தது மட்டும் தமிழில்.
'இல்லை' என்ற சொல்லும் அதற்குப்பின் ஒரு நீளமான வரியும்.
அந்த 'லை'யின் சங்கிலிக் கொம்பு
எங்கள் மளிகைச் சீட்டில்
கறிவேப்பிலைக்கு வருகிற அதே கொம்பு.

"எவ்வளவு நேரம்?" என்றாள்.

ஃபெர்ரியா, பன்னிரண்டு நிமிஷம் என்றேன்,
கடல் சும்மா இருந்தால் பத்து.

"பன்னிரண்டு" என்றாள்,
எதன் மேலோ வைத்து அளந்து பார்ப்பதுபோல.
திருத்த எனக்கு வாய் வரவில்லை.

மைலோ கலக்கினாள். பையனின் கணக்கு மார்க்கைச் சொன்னாள்.
கிளம்பும்போது
அலமாரியிலிருந்து தன் புத்தகத்தை எடுத்துப்
பைக்குள் வைத்தாள்.
"இது இங்க இருக்கட்டும்.
அண்ணன்கிட்ட என்னுதக் குடுங்க.
ஓரமெல்லாம் சுத்தமா இருக்கு, எழுத இடம் இருக்குன்னு சொல்லுங்க."

திரும்பும்போது தீவு கிட்டே வருவதைப் பார்க்கவில்லை,
கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பதினான்கு ஆனது.